அனுப்புவது வீடு, உழைப்பது பெண்

வடக்கு, கிழக்கில் வெளிநாட்டில் ஒருவர் உழைக்காத வீடுகளே இல்லாத கிராமம் இன்று அரிது. அந்த ஒருவர் ஒரு தாயாக இருந்தால், "அவ பிள்ளைகளை விட்டிட்டு வெளிநாட்டுக்குப் போயிட்டா" என்று ஊரில் கதைப்பார்கள். போனவள் அவள் ஒருத்தி என்பதால், போவது என்ற முடிவும் அவளுடையது மட்டுமே என்று எண்ணிவிடுகிறோம். பின்னர் கணவன் குடித்தாலும், மகன் பாடசாலைக்குப் போகாமல் திரிந்தாலும் பழி அவள் தலையிலேயே விழுகிறது.

ஆனால் அவள் புறப்படுவதற்கு முன்னர் அந்த வீட்டில் நடந்தவற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். எங்கெங்கே எவ்வளவு கடன் என்று கணவனும் மனைவியும் இருந்து கணக்குப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளை வைத்துப் பார்ப்பாவா என்று அம்மம்மாவிடம் கேட்டிருப்பார்கள். கொழும்புக்குப் போய்வரும் செலவுக்குத் தங்கையின் தோடு அடைவுக்குப் போயிருக்கும். தரகரிடம் கூட்டிச் சென்றவர் சொந்த அண்ணனாகவே இருந்திருப்பார். கணவனை இழந்த பெண்ணாக இருந்தால் தாயும் சகோதரர்களும் சேர்ந்து அந்த முடிவை எடுத்திருப்பார்கள். ஆகவே அனுப்பி வைத்தது ஒரு முழு வீடு.

அனுப்புவது வீடு என்றால், வந்து சேரும் பணத்துக்கும், விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கும், அடையாத கடனுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியதும் அந்த வீடுதான். இந்தப் பொறுப்புகளைப் பயணத்துக்கு முன்னரே கதைத்துத் தீர்மானித்த வீட்டுக்கும், அப்படிச் செய்யாத வீட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

எமக்குப் பழகிய வழி

வீட்டில் ஒருவரைத் தூர இடத்துக்கு அனுப்பி, அவர் அனுப்பும் காசில் வீடு நிமிர்வது எமது சமூகத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆங்கிலம் படித்து மலாயாவுக்குச் சென்றார்கள். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாகப் பணியாற்றினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் காணிகள் வாங்கப்பட்டன. கல்வீடுகள் எழுந்தன. சகோதரிகளுக்குச் சீதனம் சேர்ந்தது. ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களை 'மலாயாப் பென்சன்காரர்' என்று மரியாதையுடன் அழைத்தார்கள். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களும் மாதாமாதம் காசுக்கட்டளை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தை 'மணியோடர் பொருளாதாரம்' என்று சொல்லும் வழக்கம் அவ்வாறு வந்ததே. 1983 இன் பின்னர் உயிரைக் காக்க ஓடியவர்கள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்து அனுப்பிய பணம், போர்க்காலம் முழுவதும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய உதவியது.

மத்திய கிழக்கின் கதை 1973 இல் எண்ணெய் விலை ஏறியதோடு ஆரம்பமாகியது. எண்ணெய்ப் பணத்தால் கட்டடங்களும் வீதிகளும் எழுந்தபோது அங்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1977 இல் இலங்கையில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இங்கிருந்து போவது இலகுவாகியது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஆண்களே கூடுதலாகச் சென்றனர். பின்னர் வீட்டு வேலைக்குப் பெண்கள் கேட்கப்பட்டார்கள். 1990 களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். 2010 களில் இந்தப் பங்கு பாதிக்கும் கீழே குறைந்தது. எனினும் வறிய கிராமத்துப் பெண்ணுக்குத் திறந்திருக்கும் வாசல் இன்னமும் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண் வேலையே.

மலாயாக் காலத்தில் வீடு படித்த மகனை அனுப்பியது. இப்போது கைப்பிள்ளைக்காரியை அனுப்புகிறது. மகன் போனபோது யாரும் அவனைக் குறை சொல்லவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரே வெள்ளத்தில் எல்லாம் போகும்

ஒரு வீடு ஏன் தன் ஆளை அனுப்புகிறது? "வறுமை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுவோம். அது முழுமையான பதில் அல்ல. மிக வறிய வீட்டினரால் கடவுச்சீட்டு எடுக்கும் செலவைக்கூடச் சமாளிக்க முடிவதில்லை. மாறாக, ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்து, ஓர் அடியோடு சரிந்துபோன வீடுகளிலிருந்தே பலர் செல்கிறார்கள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏக்கர் வயல், நான்கு மாடு, கொஞ்சம் கோழி. கணவன் வேளாண்மை இல்லாத காலத்தில் வாவியில் மீன் பிடிப்பான். மனைவி வீட்டில் இடியப்பம் அவித்து விற்பாள். பார்வைக்கு நான்கு வழியில் வருமானம் வருகிறது. ஆனால் 2011 ஜனவரியில் கிழக்கில் பெருவெள்ளம் வந்தபோது என்ன நடந்தது? வயல் தாண்டது. மாடுகள் செத்தன. வாவிக்குள் இறங்க முடியவில்லை. இடியப்பம் வாங்க அயலவரிடமும் காசு இல்லை. நான்கு வழியும் ஒரே மழைக்குள் அடங்கியிருந்தன. 1978 நவம்பர் சூறாவளியிலும், 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் இதுவே நடந்தது.

றியாத்திலோ குவைத்திலோ வரும் சம்பளத்தை மட்டக்களப்பு வெள்ளம் தொடாது. ஒடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற பொருளியலாளர்கள் 1985 இல் இதையே எழுதினார்கள். கூடுதல் சம்பளம் தேடி ஒரு தனி ஆள் போவதாக மட்டும் இடப்பெயர்வைப் பார்க்கக் கூடாது, இடரைப் பங்கிட்டுக் கொள்வதற்காகக் குடும்பம் தன் ஆட்களை வெவ்வேறு இடங்களில் நிறுத்துகிறது என்பது அவர்களின் விளக்கம். பயிருக்குக் காப்புறுதி கிடைக்காத இடத்தில், நியாயமான வட்டிக்கு வங்கிக் கடன் கிடைக்காத இடத்தில், தூரதேசத்தில் உழைக்கும் ஒருவரே அந்த வீட்டின் காப்புறுதியாகிறார். எமது பாட்டிமார் புத்தகம் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள். ஒரு மகன் வயலில், ஒரு மகன் கடையில், ஒரு மகன் உத்தியோகத்தில் என்று அவர்கள் நிறுத்தியது வேறு எதற்காக?

போர் எமது வீடுகளுக்குச் செய்த சேதத்தையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண வறுமையில் ஒரு வீட்டில் ஒரு பசுவாவது, தாலிக்கொடியாவது, ஒரு துண்டுக் காணியாவது மிஞ்சியிருக்கும். பல தடவை இடம்பெயர்ந்து 2009 இல் முகாமுக்கு வந்த வீடுகளில் இவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. வள்ளமும் வலையும் இல்லை. உழவு இயந்திரம் இல்லை. பலருக்குச் சொந்தக் காணிக்குப் போகவும் முடியவில்லை. உழைக்க வேண்டிய ஆண்மகன் இறந்தோ காணாமலோ போயிருந்தார். வடக்கு, கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் இருப்பதாக 2010 இல் அப்போதைய பிரதியமைச்சர் எம்.எல்.ஏ.எம்.ஹிஸ்புல்லா தெரிவித்திருந்தார். அடைவு வைக்க நகையும் விற்க மாடும் இல்லாத வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே முதல், ஒரு பெண்ணின் உடல் உழைப்பு.

ஏன் தாயை அனுப்புகிறார்கள்?

கணவன் இருக்கின்ற வீட்டிலும் மனைவி போவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, போகும் செலவு. ஆண் ஒருவர் சாரதியாகவோ கட்டட வேலைக்கோ போவதற்கு முகவருக்கு இலட்சக்கணக்கில் கொடுக்க வேண்டி வருகிறது. பணிப்பெண்ணாகப் போகிறவளுக்கோ பல இடங்களில் முகவரே முற்பணம் கொடுக்கிறார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது கையில் வந்து விழும் இரண்டு, மூன்று இலட்சம் ரூபா பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தக் காசை எடுத்த பிறகு, "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போகவில்லை" என்று சொல்ல அவளால் முடியாது. அங்கே துன்பம் நேர்ந்து இடையில் திரும்ப நினைத்தாலும், "வாங்கிய காசைத் திருப்பித் தா" என்ற குரல் அவளைத் தடுக்கும். முற்பணம் நன்கொடை அல்ல. அது அவளுடைய வாயைக் கட்டும் கயிறு என்பதை வீட்டார் உணர வேண்டும்.

இரண்டாவது, மகளுக்குக் கட்ட வேண்டிய வீடு. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள தாய்க்கு மூன்று வீடு. கூலி வேலையில் இது எந்தக் காலத்திலும் நடக்காது. கிழக்குக் கரையோர ஊர்களில் எழுந்த எத்தனையோ கல்வீடுகளின் சீமெந்துக்குத் தாய்மார் பாலைவன நாடுகளில் உழைத்தார்கள்.

மூன்றாவது, நுண்கடன். போர் முடிந்த பின்னர் நிதி நிறுவனங்கள் எமது கிராமங்களுக்கு வந்து பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தன. ஆடு வளர்க்கவும் கடை போடவும் என்று எடுத்த கடன், வருத்தத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் செலவாகியது. வாரந்தோறும் கட்ட வேண்டிய தவணைக்காக இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று என்று நான்கைந்து இடங்களில் மாட்டிக்கொண்டவர்கள் அநேகர். 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதே வருட இறுதியில் மத்திய வங்கி, அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச எல்லையை வைத்தது. அதற்குள் கடனுக்காகவே விமானம் ஏறிய பெண்கள் பலர்.

வந்து சேரும் காசு

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அண்மைய நெருக்கடி எல்லோருக்கும் காட்டியது. 2020 இல் வங்கிகள் ஊடாக 710 கோடி டொலர் வந்தது. 2021 இல் அது 549 கோடியாகவும், 2022 இல் 379 கோடியாகவும் விழுந்தது. உழைப்பவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. வங்கியில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவிலேயே கொடுத்தார்கள். உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். ஆகவே காசு உண்டியல் வழியால் வந்தது. 2022 மார்ச்சில் ரூபா தளர்த்தப்பட்டு, மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் வேறுபாடு குறைந்ததும் பணம் திரும்பவும் வங்கிக்கு வந்தது. 2023 இல் 597 கோடி, 2024 இல் 657 கோடி டொலர். 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றனர்.

மருந்தும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற 2022 இல், மாதம் பிறந்தால் வெளிநாட்டுக் காசு வந்த வீடுகள் ஓரளவு நின்று பிடித்தன. ரூபா விழ விழ அதே றியாலுக்குக் கூடுதல் ரூபா கிடைத்தது. நாள் கூலியை நம்பிய வீட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டு வேளை குறைந்தது. அந்த வருடம் காசு கிடைத்த வீட்டார் காப்புறுதி என்றால் என்ன என்பதை நன்றாக அறிந்துகொண்டார்கள்.

"வெளிநாட்டுக் காசு எல்லாம் சாப்பாட்டிலும் சேலையிலும் போகிறது, முதலீடாவதில்லை" என்று கூட்டங்களில் சொல்வார்கள். இது முழு நியாயம் அல்ல. மீனும் முட்டையும் உண்ட பிள்ளை வகுப்பில் கவனமாக இருக்கும். கடன் அடைந்தால் மாதாமாதம் வட்டிக்குப் போன காசு வீட்டில் நிற்கும். ஓலை வீட்டுக்குப் பதிலாகக் கல்வீடு இருந்தால் மாரி காலத்தில் பாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. மாதந்தோறும் காசு வரும் வீடு என்று தெரிந்தால் கடைக்காரர் நம்பிக் கடன் கொடுப்பார், சீட்டிலும் சேர்த்துக்கொள்வார்கள். இவையெல்லாம் அந்தக் காசின் பயன்களே.

இரண்டு வருடக் கணக்கு

ஆனாலும், "இரண்டு வருடம் போய் வந்தால் எல்லாம் சரி" என்று புறப்பட்ட பெண் ஏன் நான்காவது தடவையும் போகிறாள்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு பெண் மாதம் 80,000 ரூபா அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் அது 19 இலட்சத்து 20 ஆயிரம். பழைய கடன் 4 இலட்சம். வீட்டுச் செலவு மாதம் 35,000 படி 8 இலட்சத்து 40 ஆயிரம். பிள்ளைகளின் படிப்புக்கும் ரியூசனுக்கும் மாதம் 8,000 படி 1 இலட்சத்து 92 ஆயிரம். மிஞ்சுவது 4 இலட்சத்து 88 ஆயிரம். இதுவும் எல்லா மாதமும் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தால்தான். இதற்குள் ஒரு செத்த வீடு, ஒரு சாமத்திய வீடு, ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, உறவினருக்குக் கைமாற்று என்று வந்தால் மிச்சம் கரைந்துவிடும். ஒரு கல்வீட்டை முடிக்க இந்தத் தொகை போதாது. அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை இல்லாமல் நிற்கும் வீடுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தக் கூரைக்காகத்தான் இரண்டாவது பயணம்.

இந்தக் கணக்கைப் புறப்பட முன்னரே போட்டால் இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, எவ்வளவு காலம் என்பதை உண்மையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளையிடம் "இரண்டு வருடம்" என்று சொல்லி ஆறு வருடம் நிற்பதிலும், உண்மையைச் சொல்வது நல்லது. மற்றது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கலாம். கடும் வட்டிக் கடனை முதலில் அடைத்தாலே மற்றவைக்குக் காசு மிஞ்சும். கடனை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் வாங்கினால், அவள் அங்கே வட்டிக்கு உழைப்பாள்.

யாருடைய பெயரில்?

காசு யாருடைய பெயருக்கு வருகிறதோ, அவருடைய சொல்லே வீட்டில் செல்லும். முழுச் சம்பளத்தையும் கணவன் பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ அனுப்பிவிட்டு, திரும்பி வந்து பார்த்தபோது எதுவும் இல்லாமல் நின்ற பெண்களின் கதைகள் எங்கள் ஊர்களில் ஏராளம். எல்லாக் கணவன்மாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் நல்லவர் கையிலும் கணக்கில்லாத காசு நிற்காது.

ஆகவே இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று வீட்டுச் செலவுக்கு, பிள்ளைகளைப் பார்ப்பவரின் பெயரில். மற்றது சேமிப்புக்கு, உழைப்பவளின் சொந்தப் பெயரில். அவளைத் தவிர வேறெவரும் அதில் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். வெளிநாட்டு நாணயமாகவே சேமிக்க விரும்பினால், முன்னர் இருந்த கணக்கு வகைகளுக்குப் பதிலாக 2017 முதல் 'தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு' இருக்கிறது. உண்டியலில் சில ஆயிரம் கூடக் கிடைத்தாலும் அதற்குச் சாட்சி இல்லை. காசு வரவில்லை என்றால் முறையிட இடமில்லை. வங்கியூடாக அனுப்பியவளிடம், தான் எவ்வளவு அனுப்பினாள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். நாளை வங்கியில் கடன் கேட்கவும், குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் நியாயம் கேட்கவும் அது உதவும்.

காணியிலும் வீட்டிலும் இதே கேள்வி எழுகிறது. அவளுடைய காசில் வாங்கும் காணியின் உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது? அரச காணியில் வீடு கட்டினால், உத்தரவுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? கணவனின் பெயரிலோ மாமனாரின் பெயரிலோ இருக்கும் நிலத்தில் பத்து வருட உழைப்பைக் கொட்டிவிட்டு, பிரிவு வந்தபோது வெறுங்கையோடு வெளியேறியவர்கள் உண்டு. தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதையும் வடபகுதிப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். கணவன் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கோரலாம். காணி வாங்க முன்னர் இதையெல்லாம் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நிற்பவர்கள்

வெளிநாட்டில் உழைப்பவள் ஒருத்தி என்றால், அவளுக்காக ஊரில் உழைப்பவர் இன்னொருவர். பெரும்பாலும் அது அம்மம்மா. தன் பிள்ளைகளைப் போருக்குள் வளர்த்து முடித்தவ, இப்போது முழங்கால் நோவோடு பேரப்பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, சமைத்து, பாடசாலைக்கு அனுப்புகிறா. இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. "அவ சும்மா வீட்டிலதானே இருக்கிறா" என்று சொல்வார்கள். அவ பார்க்காவிட்டால் மகளால் போகவே முடியாது. ஆகவே அனுப்பும் காசில் அம்மம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது தர்மம் அல்ல, நியாயம்.

அம்மம்மாவால் முடியாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கிறாள். தாய் எதற்காகப் போனாளோ, அதுவே அவள் போனதால் கெட்டுப்போகிறது. தந்தை வீட்டில் இருந்தால், பிள்ளைகளைப் பார்ப்பதும் சமைப்பதும் அவருடைய வேலைதான் என்று போகும்முன்னரே சொல்லிவிட வேண்டும். அயலில் உள்ள ஒரு பெரியம்மாவோ, மாதர் சங்கத்தில் ஒருவரோ அடிக்கடி வந்து பெண் பிள்ளைகளைப் பார்த்துக் கதைக்கட்டும். பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அங்கும் இடர் உண்டு

வெளிநாட்டுச் சம்பளம் காப்புறுதி என்றோம். அந்தக் காப்புறுதியும் சில நேரம் கைவிடும். 1990 இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோதும், 2006 இல் லெபனானில் குண்டுகள் விழுந்தபோதும், 2020 இல் கொரோனா பரவியபோதும் எமது பெண்கள் அந்நிய மண்ணில் தவித்தார்கள்.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை மறக்க முடியுமா? 2005 இல், 17 வயதில், பிறந்த வருடம் மாற்றி எழுதப்பட்ட கடவுச்சீட்டோடு சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். வீட்டு வேலைக்குச் சென்ற சிறுமியிடம் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னர் சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதற்கான குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டு, 2022 இல் 21 ஆகக் குறைக்கப்பட்டது. வயதை மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லும் தரகர் உங்கள் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார்.

வளைகுடா நாடுகளில் 'கஃபாலா' என்ற முறை இருக்கிறது. வேலை செய்பவரின் விசா எஜமானரோடு கட்டப்பட்டிருக்கும். வேறு வேலைக்கு மாறுவதும் நாடு திரும்புவதும் அவருடைய கையில் தங்கியிருக்கும். சில நாடுகளில் மாற்றங்கள் வந்துள்ளன. குவைத் 2015 இல் வீட்டுப் பணியாளருக்கென ஒரு சட்டம் இயற்றி, வாராந்த விடுமுறையையும் வருடாந்தச் சம்பள விடுமுறையையும் உறுதிசெய்தது. கட்டார் 2017 இல் வீட்டுப் பணியாளருக்கெனச் சட்டம் இயற்றி, 2021 மார்ச் முதல் மாதம் 1,000 றியாலைக் குறைந்தபட்சச் சம்பளமாக நடைமுறைப்படுத்தியது. சவூதி 2021 இல் கொண்டுவந்த தொழிலாளர் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணிப்பெண்கள் சேர்க்கப்படவில்லை. எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டில் எமக்கு என்ன உரிமை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவது அவசியம்.

சுற்றுலா விசாவில் போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2022 இன் இறுதியில், ஓமானுக்கு இவ்வாறு கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் பட்ட துன்பம் வெளிச்சத்துக்கு வந்தது. பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை, உரிமையோடு கேட்க ஒப்பந்தமும் இல்லை. 2013 இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையின் விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மாரைத் தடுத்தது. அதைச் சுற்றிப் போகவே சிலர் இந்தக் குறுக்கு வழியில் இறங்கினர். அந்த விதிகள் பின்னர் மாற்றப்பட்டுள்ளன. ஆகவே இன்று உள்ள விதியை உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள். தரகரின் வாயால் கேட்க வேண்டாம்.

புறப்பட முன்னர் வீட்டார் இருந்து கதைக்க வேண்டியவை

* எத்தனை வருடம்? எந்தக் கடனை அடைத்து, எதைச் செய்து முடித்ததும் திரும்புவது?

* மாதம் அனுப்பும் காசில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு? கொப்பியில் கணக்கு எழுதுவது யார்?

* அவளுடைய பெயரில் தனிக் கணக்குத் திறந்தாயிற்றா?

* பிள்ளைகளை யார் பார்ப்பது? அவருக்கு வருத்தம் வந்தால் அடுத்தவர் யார்?

* முகவர் நிலையத்துக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா? முற்பணம் வாங்கினால், இடையில் திரும்பும்போது என்ன நடக்கும் என்று எழுத்தில் கேட்டீர்களா?

* கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், எஜமானரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கின்றனவா?

* அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி எண் அவளுக்கு மனப்பாடமா? இங்கு ஒரு பிரச்சினை என்றால் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பது வீட்டாருக்குத் தெரியுமா?

இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுவதில் நட்டமில்லை. அவசரப்படுத்துகிறவர் தரகராகத்தான் இருப்பார்.

மாதர் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. கிராமத்தில் யார் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவு வைத்திருக்கலாம். மாதத்தில் ஒரு தடவை அந்த வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளைப் பார்க்கலாம். திரும்பி வந்தவர்களை அழைத்து, போக இருப்பவர்களுடன் கதைக்க வைக்கலாம். எந்த அலுவலகப் பயிற்சியும் சொல்லித்தராத பல விடயங்களை அவர்கள் சொல்வார்கள்.

சகோதரிகளே, எமது ஊரிலேயே மரியாதையான வேலையும் நியாயமான வட்டிக்குக் கடனும் இருக்குமானால், எந்தத் தாயும் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏற மாட்டாள். அதற்காக நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். போகிறவளை ஏசுவதை விட்டு, அவள் உழைத்த காசு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும்படி பார்ப்போம். சம்பளக் காசு ஒழுங்காக வந்தபோது அவளைக் கொண்டாடிய வீடு, ஒருநாள் அவள் நோயோடும் வெறுங்கையோடும் திரும்பி வந்தாலும் கதவைத் திறந்து, ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து, இருத்திக் கதைக்க வேண்டும்.